மலையில் குடித்த தண்ணீர்

மதினி,

இன்று காலை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த நர்ஸ், "நெறையத் தண்ணி குடிக்கணும் பாட்டி" என்றாள். பாட்டியாமே! கோபம்தான் வந்தது. அடுத்த நொடி உங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த காலம். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் உங்களுக்குக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சல்பா மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். காய்ச்சல் விட்டதும் வேலைக்கு வந்துவிட்டீர்கள். மாத்திரையை விழுங்கினீர்கள், தண்ணீரை மட்டும் தொடவில்லை. மலைக்குப் போகிற பொம்பளை எவள் தண்ணீர் குடித்தாள்? குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லை, வேலை வாங்கும் கங்காணியிடம் கேட்கக் கூச்சம். காலைத் தேத்தண்ணியோடு சாயந்தரம் வரை வாயைக் கட்டிக்கொள்வதுதான் நம் வழக்கம்.

இடுப்பில் அப்படி ஒரு வலி வந்தது உங்களுக்கு. மூத்திரம் இரத்தமாகப் போய், பிறகு வரவே இல்லை. "இந்த மருந்து சூடு, இனித் தொடமாட்டேன்" என்று அழுதீர்கள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்த யாழ்ப்பாணத்து நர்ஸம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "மலையில எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள்?" என்று கேட்டார். "காலைத் தேத்தண்ணி மட்டும்தாங்க" என்றீர்கள்.

"மருந்து தன்ர வேலை முடிய உள்ளுக்க நிக்கக் கூடாது பிள்ளை. மூத்திரத்தோட வெளியில போகவேணும். தண்ணி காணாட்டி சிறுநீரகத்துக்குள்ளயே உப்புப் போல உறைஞ்சுபோடும்."

அந்த மாத்திரையை நிறுத்தி, சோடா உப்பு கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். மறுநாள், "வந்திருச்சு!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி பதறி எழுந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

தேறி மலைக்கு வந்த அன்று, எல்லார் முன்னாலும் போத்தலைத் திறந்து குடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் கூடையை இறக்கினீர்கள்.

"எங்க போற?" என்றார் கங்காணி.

"ஒண்ணுக்குப் போறேனுங்க. போகலேன்னா செத்துப்போவேன். நர்ஸம்மாவக் கேட்டுப் பாருங்க!"

நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மறைப்பாகப் பிடித்தேன். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். கங்காணி திரும்பி நின்றுகொண்டார், பாவம். பிறகு மற்றவர்களும் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

நீங்கள் பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளோடு சண்டை பிடித்து, கிழவியாகித்தான் கண்ணை மூடினீர்கள். நானோ கல்யாண வீடானாலும் தண்ணீர் குடிக்கிறேன், ஒண்ணுக்கு வந்தால் எழுந்துவிடுகிறேன். எங்கே என்று கேட்டால், எத்தனை ஆம்பளைகள் இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மருமகள் தலையில் அடித்துக்கொள்வாள். போன வாரம் அவளும் எழுந்து என் பின்னாலேயே வந்தாள்.