நெருப்பு அவிந்த மலை

திருவாதவூர்,
12-1-1935

அன்புள்ள மச்சானுக்கு, ஜெயக்கொடி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பேச்சிமுத்துக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. முதல் முடி குலசாமிக்கு, தகப்பன் பக்கத்தில் நிற்காமல் இறக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லிவிட்டுக் கப்பலேறினீர்கள். முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. பேன் பார்த்து எனக்கு மாளவில்லை. தெருப் பிள்ளைகள் பொம்பளப்புள்ள என்று கேலி பண்ண, அழுதுகொண்டே வருகிறான். மடியில் உட்காரவைத்துக்கொள்ள என் அண்ணன் கண்ணுச்சாமி தயார். சிவராத்திரிக்கு வந்துவிடுங்கள். இந்தத் தடவையும் ஏமாற்றினால் பேச மாட்டேன், ஆமாம்.

உங்கள்,
ஜெயக்கொடி


யெனாஞ்சாங், பர்மா,
17-2-1935

அன்பு ஜெயக்கொடிக்கு,

எண்ணெய்க் கிணற்றில் லீவு இல்லை. வர முடியாது.

போன வாரம் பொப்பா மலைக்குப் போனேன். சுற்றிலும் காய்ந்த பூமி, அந்த மலை மட்டும் பச்சை. முன்னொரு காலத்தில் நெருப்பைக் கக்கியதாம். கருகிய கல்லுக்கு நடுவே இப்போது ஊற்று ஓடுகிறது, செண்பகம் பூக்கிறது. அநியாயமாகச் செத்தவர்களைத்தான் அங்கே சாமியாகக் கும்பிடுகிறார்கள், நம் பக்கம் போலவே.

அங்கே போய்வந்த பிறகு மறைக்க மனசு வரவில்லை. இங்கே ஒரு பர்மாக்காரியோடு எனக்குக் குடும்பம் இருக்கிறது. இரண்டு வயசில் ஒரு பையன். அவன் முதல் முடியை நம் குலசாமி பேரைச் சொல்லி அந்த மலையில் இறக்கினேன். எல்லாம் ஒரே சாமிதானே. பேச்சிமுத்துக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். இனி நாவிதரை வீட்டுக்குக் கூப்பிட்டு வெட்டிவிடு.

மனம் ஆறிப் பதில் எழுது.

முத்திருளன்


திருவாதவூர்,
8-3-1935

முத்திருளனுக்கு,

உங்கள் கடிதம் சிவராத்திரிக்கு முந்தின நாள் வந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மலையைப் பற்றி அம்புட்டு அழகாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல மலையாகவே இருக்கட்டும். ஊற்றும் செண்பகமும் அதன் புண்ணியம். உங்கள் பாவத்தை இறக்கிவைக்க அதுதானா கிடைத்தது? அநியாயமாகச் செத்தவர்கள் அங்கே சாமியாம். நான் செத்துச் சாமியாக மாட்டேன், எனக்குப் பிள்ளை இருக்கிறான். அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை, அது என்ன செய்யும். இவன் முடியை உங்களுக்காகச் சிக்கெடுத்து வளர்த்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சிவராத்திரி மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். பிள்ளை அண்ணன் மடியில் உட்கார்ந்தான். தகப்பன் இல்லாமல் எப்படி என்று பூசாரி தடுத்தார். அண்ணன் என்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். நான்தான் நாவிதரிடம் சொன்னேன்:

"அவரு அங்கிட்டே ஒரு பிள்ளைக்கு முடியெறக்கிட்டாரு. இதுக்குத் தகப்பன் இல்ல. நீங்க கத்திய வைங்க."

பேச்சிமுத்துவின் தாய்,
ஜெயக்கொடி