வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தாள்

நேற்று பல் டாக்டர் ஊசியை எடுத்து, "மரத்துப் போகும், பயப்படாதீங்க" என்றார். நான் நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினேன். நாற்பது வயது ஆம்பிளை ஊசிக்குப் பயந்து ஓடுகிறான் என்று நர்ஸ் சிரித்தாள். சிரிக்கட்டும். கடைவாய்ப் பல் தெறிக்கத் தெறிக்கத்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

உன்னிடமும் பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். குடல்வால் ஆபரேஷன், ஒரு மணி நேர வேலை. ராஜபாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என்னை விரட்டினாய்: "செத்த நேரந்தான? போயி இட்லி தின்னுட்டு வாங்க. மூஞ்சியப் பாரு, ஆபரேசன் என்னமோ உங்களுக்குங்கிற மாதிரி." நானும் போய்த் தின்றேன்.

திரும்பி வந்தபோது நீ இல்லை. "ஹார்ட் நின்னுபோச்சு" என்றார் பெரிய டாக்டர். தரை துடைக்கும் ஆயாதான் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னாள்: "அண்ணாச்சி, மயக்க டாக்டர் ஊசியப் போட்டுட்டு, அடுத்த ஆஸ்பத்திரியில கேஸ் இருக்குன்னு பாதியிலயே கிளம்பிட்டாரு. மூச்சு நின்னத ஒருத்தரும் கவனிக்கல."

அப்போதே போலீசுக்குப் போயிருக்க வேண்டும். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கிற தையல் போதும் மாப்ள. சுமங்கலியாப் போறவள இன்னமும் அறுத்துப் போட்டா, எப்படி மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டுவேன்?" எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தயாராக நீட்டிய தாளில், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மஞ்சளும் குங்குமமுமாக உன்னை அனுப்பி வைத்தோம்.

டாக்டர்கள் மீதும் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று ஆகியிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு வருடம் பஸ்ஸில் அலைந்தேன். நஷ்டஈட்டுக்காக இல்லை. விட்டுவிட்டுப் போனது தப்பு என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தது. அவரோ கடைசிவரை உன் தலைமாட்டிலேயே நின்றதாகச் சொன்னார். கூசாமல் சொன்னார். ஆயா சாட்சிக்கு வரவில்லை. "எனக்கும் பிள்ளைக இருக்கு அண்ணாச்சி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் வக்கீல் நான் எழுதிய தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா."

சாவுக்குக் காரணம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. "அம்மா எதுனாலப்பா செத்தாங்க?" என்று கேட்கிறாள். ஆயா சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம். பொறவு ஏன் கோர்ட்டில் தோற்றீர்கள் என்று அடுத்துக் கேட்பாளே. உன் மேல் இன்னொரு கத்தி படக் கூடாது என்று நான் போட்ட கையெழுத்துதான் அவர்களைக் காப்பாற்றியது.