மனுவில் உன் பெயர்

கிள்ளான்,
14.10.1994

அன்பு மகள் சந்திரகலாவுக்கும் மருமகன் கண்ணப்பனுக்கும், இங்கு எனக்கும் அம்மாவுக்கும் உடல் நலமே, உள்ளம்தான் நலமில்லை, அதைச் சொல்லவே எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவோர் சமய அடையாளம் அணியலாகாது என்பது பிரெஞ்சு நாட்டுச் சட்டம், விடுமுறை முடிந்து வரும்போதும் பொட்டும் தாலியும் தெரிந்தால் வேலை நிலைக்காது என்று தலைமையாசிரியை சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததும் கொதித்தேன், கொதிப்பில் அறிவிழந்தேன். சென்ற சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில், உன்னை ஒரு சொல் கேளாமல், உன் கடிதத்தை ஒலிபெருக்கி முன் படித்துவிட்டேன். உன் பெயர், பள்ளியின் பெயர், ஊர், எதையும் விடவில்லை. என் மகள் வேலையை விடுவாள், பொட்டை விடாள் என்று முழங்கினேன். அவை எழுந்து நின்று கைதட்டியது. திங்களன்று நாளிதழிலும் வந்துவிட்டது.

சங்க இளைஞர் அணித் தலைவர் பக்கிரிசாமி அன்றே அந்தச் சட்டத்தை எதிர்த்து மனு எழுதி, செலாயாங் சந்தையிலும் சுங்கை வேயிலும் நானூறு கையெழுத்து வாங்கிவிட்டார். இருபத்தெட்டாம் நாள் பிரெஞ்சுத் தூதரகத்தில் கொடுக்கப் போகிறார்கள். முதல் வரியிலேயே உன் பெயர். அதையாவது எடுத்துவிடப்பா என்றேன். "என்னங்க தலைவரே, நீங்களே பயந்தா எப்படி? சந்திரகலா எங்களுக்கும் தங்கச்சிதான் லா!" என்று சிரித்துவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டார். அம்மணி, எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்தத் தாள் தூதரகத்திலிருந்து உன் பள்ளிக்குப் போனால், எங்கள் சட்டத்தை ஊர் ஊராகப் பழிக்கிறாயா என்று உன்னைக் கேட்டால், யார் துணை உனக்கு? மாப்பிள்ளைக்கும் இன்னும் வேலை அமையவில்லை. ஞாயிறன்று நீ தொலைபேசியில் அழைத்தபோதே சொல்ல முயன்றேன். ஆயிரம் பேர் முன் முழங்கியவன், அங்கே குளிர் எப்படி என்று மட்டும் கேட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் சொல்லவில்லை, செய்தவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஐந்து நாள் என்னோடு பேசாதவள் நேற்றுத்தான் வாய் திறந்தாள். "கைதட்டு ஒங்களுக்கு, வேலை போறது அவளுக்கு, நல்லா இருக்குங்க ஒங்க வீரம்! தாலிய சட்டைக்குள்ள விட்டுக்கட்டும். பொட்ட கண்ணாடியில ஒட்டிட்டுப் போயி, சாயந்திரம் வந்து வச்சிக்கட்டும். சாமி கோவிச்சுக்க மாட்டாரு, நீங்கதான் கோவிச்சுக்குவீங்க." நான் உரை பழகும் அலமாரிக் கண்ணாடியில் நீ சென்ற முறை ஒட்டிவிட்டுப் போன பொட்டு இன்னும் இருக்கிறது. இன்று காலை அதன் முன் நின்றுவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பொட்டு வை என்றோ எடு என்றோ இனி நான் சொல்லேன், அந்த நெற்றி உன்னுடையது. மனு வேண்டாம் என்றால் அதே மேடையில் ஏறி, தவறு என்னுடையது என்று அறிவித்து நிறுத்துவேன். கைதட்டியவர்களே கல்லெறிந்தாலும் எறியட்டும். வேண்டும் என்றால் முதல் ஆளாக நானே சுமந்து செல்வேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. கூட்டங்கள் அனைத்தையும் மறுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன். நீ வாய் திறக்காவிட்டால் பக்கிரிசாமியின் ஆட்கள் மனுவைத் தூதரகத்தில் கொடுத்துவிடுவார்கள். இருபத்தெட்டு வரை காத்திராதே, இதைப் படித்து முடித்த கையோடு கூப்பிடு.

உன் அப்பா,
இராமலிங்கம்