பதினாலாம் குரோமோசோமில் ஒட்டிய துண்டு

ஜூன் 3, 2002. திங்கள்

காலையிலேயே அனல். மணலிப் பக்கக் காத்து, கேஸ் நாத்தம். தண்ணி லாரி வரல. பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் ரிப்போர்ட் வந்தாச்சு. வயித்துக் கட்டி புற்றுநோய்தான். லிம்போமா, பர்கிட் வகை. ஹார்பர்ல மூட்டை தூக்குற உடம்பு. வியாசர்பாடி டீமுக்கு கோல்கீப்பர். இடுப்பெலும்பு மஜ்ஜை சாம்பிள் எங்க லேபுக்கே வருது. லேப் ஹெட் மேடம் சொன்னாங்க, "வேற யாராவது பாக்கட்டும் கலா." நானே பாக்கறேன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

ஜூன் 6, வியாழன்

ஸ்லைடு, சாயம், போட்டோ. அப்புறம் கத்தரிக்கோல். ஒவ்வொரு குரோமோசோமா வெட்டி ஜோடி சேர்த்தேன். எட்டாம் ஜோடியில ஒண்ணு குட்டை. பதினாலுல ஒண்ணு நெட்டை. எட்டோட வால் பதினாலுல ஒட்டியிருக்கு. பாடத்துல பாத்த அதே படம். ரிப்போர்ட் எழுதி வெச்சேன். பாத்ரூம்ல போய் அழுதேன்.

ஜூன் 7, வெள்ளி

மூட்டம். மழை இல்ல. சாயங்காலம் வார்டு.

அண்ணன்: "உள்ள இன்னாதான் ஆச்சு? பிரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். ஆன்டிபாடி செய்யற ஜீன் பதினாலுல இருக்கு. துண்டு துண்டா. கிருமியோட சண்டை போடற ஒவ்வொரு செல்லும் அத வெட்டி, தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதனாலதான் எந்தக் கிருமி வந்தாலும் யார்கிட்டயாவது அதுக்குப் பொருந்தற ஆயுதம் இருக்கும். உனக்கு ஒரே ஒரு செல்லுல, வெட்டின இடத்துல எட்டோட துண்டு வந்து ஒட்டிடுச்சு. வளரச் சொல்ற ஜீன் அதுல. இப்ப நிறுத்தாம வளரச் சொல்லுது.

"மத்ததெல்லாம் கரீட்டா ஒட்டிக்கினு கீதா?"

"தினமும். கோடிக்கணக்குல."

"அடேங்கப்பா! அத்தினி ஷாட்ட புட்ச்சிட்டு ஒண்ணே ஒண்ணு வுட்டுச்சு. அதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீற? கில்லாடி அது, கலா!"

வயித்தப் புடிச்சுக்கிட்டே சிரிப்பு. நாலு நாளா அந்த ஜீன்மேல எனக்கு வெறுப்பு. படுக்கையில கிடக்கிறவனுக்குப் பிரமிப்பு. இப்படி ஒரு மனுஷன்.

ஜூன் 19, புதன்

வெயில். கீமோ ஆரம்பிச்சதுலேருந்து வாந்தி, வாய்ப்புண், கொத்துக் கொத்தா முடி. ஆனா கட்டி பாதியாயிடுச்சு. வேகமா வளர்றது மருந்துக்கு வேகமா கரையும்னு டாக்டர். மல்லிகா அண்ணி கஞ்சியோட வார்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க. "நேத்து ஒரு மடக்கு, இன்னிக்கு அர டம்ளர் குட்ச்சாரு." மெடல் வாங்கின மாதிரி முகம்.

வாங்கணும்: குளுக்கோஸ், துணித் தொப்பி, எனக்குச் செருப்பு.

செப். 27, வெள்ளி

மழை. கீமோ முடிஞ்சு மறுபடி மஜ்ஜை சாம்பிள். மேடம் மைக்ராஸ்கோப்ப என் பக்கம் தள்ளினாங்க. ஸ்லைடு மாத்தி ஸ்லைடு. எட்டு எட்டாவே, பதினாலு பதினாலாவே. இவ்வளவு அழகா இதுங்களைப் பாத்ததே இல்ல. மேடமும் ஒரு தரம் பாத்துட்டு ரிப்போர்ட்ல கையெழுத்து.

பேசின் பிரிட்ஜ்ல முழங்கால் தண்ணி, பஸ் நின்னுடுச்சு. நடந்தே வந்தேன். அண்ணன் உள்ள தூக்கம். அண்ணி மாடிப்படியில, கையில ஈரத்துணி வாளி.

"இன்னா ஆச்சு?"

"சுத்தமா போயிடுச்சு அண்ணி."

வாளிய வெச்சாங்க. படியிலயே உக்காந்துட்டாங்க.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.