அறுபத்தாறு அடித் தளம்

14.11.2004
இம்முறையும் எனக்குப் பாடசாலை அதிபர் பதவி இல்லை. மூன்றாம் தடவை. பட்டதாரி நான் இருக்க, எனக்குப் பின் வந்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயரை எழுத மாட்டேன், மறக்கவும் மாட்டேன்.

மகள் அஜந்தாவுக்குச் சீதன வீடு கட்ட, வாவிக்கரைக் காணியில் சீமெந்து இறக்கியிருக்கிறேன். மைத்துனன் கோணாமலை, கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், படலையடியில் நின்று சொன்னான்: "பதினஞ்சு வயசுப் பொட்டப்புள்ள பொடியனுகளோட பந்தடிக்கிறா. ஊர் சிரிக்கி, அத்தான். கெதியா வீட்டக் கட்டுங்க."

21.11.2004
தளம் போட்டாயிற்று. வீட்டுக்கு அல்ல. பத்தடி அகலம், அறுபத்தாறு அடி நீளம் — விக்கெட்டுக்கு விக்கெட். வேகமாகப் பந்து வீசவும் மூன்றாவதாக இறங்கி அடிக்கவும் தெரிந்தவள், எத்தனை நாள் மணலில் ஆடுவாள்?

பிள்ளைக்காகவா செய்தேன், கோணாமலையின் முகத்தைப் பார்க்கவா? இரண்டுக்கும்தான்.

27.12.2004
கடல் பொங்கி எங்கள் கடற்கரை வீட்டைக் கொண்டுபோய்விட்டது. மூவரும் உயிரோடு. அஜந்தா நேற்றுக் காலை வாவிக்கரைத் தளத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தோம். அதனால்தான்.

அடுத்த வீட்டு ஆச்சிப்பிள்ளை இல்லை.

12.6.2005
நிவாரண வீட்டு அதிகாரி வந்தார். "இது வீட்டுக்கா, லொறி விடவா?" என்றார். கடற்கரையில் இனிக் கட்டத் தடை. வாவிக்கரைக் காணியில் வேறு இடமில்லை. தளத்தை இடித்தால்தான் வீடு.

கோணாமலை தளத்தை இடிக்க அலவாங்கோடு நின்றான். "வீடில்லாத புள்ளைய ஆர் கலியாணம் முடிப்பான்?"

எங்கள் ஊரில் காணி பெண்வழி. அது என் மனைவி சின்னத்தங்கத்தின் பேரில். தம்பி பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"காணி என்ட. நம்மட உசிரு தப்பின இடத்தயா இடிக்கிற? அலவாங்கக் கொண்டு போ, தம்பி. நாங்க தகரக் கொட்டிலுக்க இரிப்பம்."

இருபது வருடம் இவளோடு வாழ்ந்து என்னத்தைத் தெரிந்துகொண்டேன்?

8.9.2007
கொழும்புக் கழகமொன்றில் அஜந்தா சம்பளத்துக்கு விளையாடத் தொடங்கி ஒரு வருடம். நாட்டு அணிப் பட்டியல் வந்தது. பெயர் இல்லை. எனக்குச் செய்ததைத்தானே பிள்ளைக்கும் செய்கிறார்கள்! தேர்வுக் குழுவுக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினேன்.

லீவில் வந்தவள் வாசித்துவிட்டுக் கிழித்தாள். வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி, மட்டையைக்கூடத் தட்டிப் பார்த்தார்களாம். அதற்கும் கோபப்படாத பிள்ளை.

"அப்பா, உங்கட கோவத்த நீங்களே வச்சிரிங்க. நிப்பாட்டிட்டு ரெண்டாந்தரம் வந்து பந்து போடக்குள்ள எனக்கு வேகம் கொறையிது. அதான் எடுக்கல்ல."

விடிய ஐந்து மணிக்கே தளத்தில் பந்து விழும் சத்தம்.

19.5.2009
யுத்தம் முடிந்ததாம். சந்தியில் பட்டாசு. எங்கள் வீதியில் கதவுகள் சாத்தியிருந்தன. இன்று இவ்வளவே.

11.10.2009
நாட்டு அணியில் அஜந்தாவுக்கு முதல் ஆட்டம். ஆட்டமிழக்காமல் 41. பந்து வீச்சில் 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் — கடைசி இரண்டும் இரண்டாந்தரம் வீச வந்தபோது! ஆட்ட நாயகி என் மகள்!

வானொலிக்காரன் எங்கள் ஊர் ஆரையம்பதியைக் கொலை செய்து உச்சரித்தான். மன்னித்தேன். சின்னத்தங்கம் அகப்பையால் தகரக் கூரையை அடித்து ஊரையே கூட்டினாள்.

18.10.2009
பஸ்ஸடியில் மேளத்தோடு நின்றவன் கோணாமலை. "என்ட மருமகள்" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொன்னான். நான் பெயர் எழுதாத அந்த அதிபரும் வந்து வாழ்த்திப் பேசினார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் கோணாமலை தன் கடைக்குட்டி மகளோடு வந்தான். அவள் கையில் மட்டை.

"அத்தான், அறுபத்தாறு அடிக்கு எத்தின மூட்ட சீமெந்து போகும்?"

கேட்காதவனாகத் தேத்தண்ணி குடித்தேன். மறுபடி கேட்டான்.

"வீட்டுத் தளமா?"

"வீடு பொறகு," என்று நிலத்தைப் பார்த்தான்.

மூட்டைக் கணக்கைச் சொன்னேன். நாளை மேசனோடு நானும் போக வேண்டும். கோணாமலை நூல் பிடித்தால் கோணிவிடும்.