யார் வீட்டு நாய் என்று கேட்கக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

விலங்குக் காப்பகத்தின் அறங்காவலர் கூட்டம். பூனைக் கூடத்தைச் சூடாக்கும் பழுதான கொதிகலனைப் பற்றிப் பேசியே பாதிப் பொழுது போயிற்று. மீதியை நார்மன் எடுத்துக்கொண்டார். எங்கள் தலைவர். முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். இன்னமும் எல்லோரையும் மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார்.

"நம்ம முகநூல் பக்கம் தூங்கி வழியுது. படம் போடணும். படம் இல்லேன்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"கொதிகலனைப் படம் எடுத்துப் போடுங்க நார்மன், பாக்கறவங்க அழுவாங்க" என்றேன். காப்பகத்தை நடத்தும் பெவ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

என் பொறுப்பில் இருக்கும் நாய் பட்டன் மேசைக்கு அடியில் என் காலின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜனவரியில் வந்தவன். வீட்டில் அடி உதை தாங்காமல் ஓடி வரும் பெண்களுக்குப் புகலிடத்தில் இடம் கிடைக்கிறது, நாய்க்குக் கிடைப்பதில்லை. நாயை விட்டுவர மனமில்லாமலே அங்கேயே கிடந்து அடி வாங்குகிறவர்கள் உண்டாம். அந்த நாய்களை நாங்கள் வைத்துக்கொள்வது என்று போன வருஷம் ஓட்டுப்போட்டு முடிவு செய்தோம். முதலில் கையைத் தூக்கியவள் நான், அதனால் முதல் நாய் என் தலையில்.

யார் வீட்டு நாய் என்று கேட்கக் கூடாது. பெயரை மாற்றிக் கூப்பிட வேண்டும். படம் கூடவே கூடாது. ஞாயிறுதோறும் அதன் சேதியை நாலு வரி எழுதி, புகலிடத்தில் வேலை செய்யும் ஜோசலினுக்கு அனுப்புவேன். அவள் அந்தப் பெண்ணிடம் சேர்ப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வாரச் சேதி: 'பட்டன் முழு ரொட்டியைத் திருடினான். துளிக்கூட வெட்கமில்லை.'

சாயங்காலமே ஜோசலின் வழியாக அவளுடைய பதில் வந்தது. 'ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை விட்டிருப்பானே?'

ஆமாம், விட்டிருந்தான்! முகம் தெரியாத ஒருத்தியோடு சேர்ந்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மதியம் நார்மன் ஏதோ கையெழுத்து வாங்க வந்தார். கேக் இரண்டு துண்டு தின்றார். நான் டீ போடும்வரை தரையில் உட்கார்ந்து பட்டனோடு விளையாடினார். நல்ல மனுஷன்தான், வாயைத் திறக்காதவரை.

மார்ச் 11, செவ்வாய்

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது!

காலையில் பெவ் கூப்பிட்டாள். "கண்ணு, நம்ம பக்கத்தைப் பாத்தியா? உக்காந்துக்கிட்டுப் பாரு."

நார்மன் ஞாயிறன்று எடுத்த படம்: என் சமையலறை. என் ரப்பர் கையுறையை வாயில் கவ்விக்கொண்டு பட்டன். ஜன்னலுக்கு வெளியே தேவாலயத்துக் கோபுரம் பளிச்சென்று தெரிகிறது. கீழே: 'எங்கள் அறங்காவலர் கிளெனிஸ் வீட்டில் இந்த வார விருந்தாளி!'

நார்மனைக் கூப்பிட்டேன்.

"நாயோட பேர் போடலையே. மூஞ்சிதானே?"

"ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பு, இடது காதுல பாதி இல்லை. இந்த நாட்டுல எத்தனை நாய்க்கு இப்படி இருக்கு, சொல்லுங்க?"

"எடுத்துடறேன்" என்றார். எடுத்தும்விட்டார். ஆனால் நேற்று ராத்திரி போட்ட படம். அதற்குள் எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ.

ஜோசலினிடம் சொன்னேன். திட்டவில்லை. "இதை நான் அவங்ககிட்ட சொல்லணும்" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. வாசல் மணி அடித்தபோது சங்கிலியைப் போட்டுவிட்டுத்தான் திறந்தேன். தபால்காரர்.

மார்ச் 13, வியாழன்

வந்துவிட்டார்.

காப்பகத்துக்கு, காலையில் கதவு திறந்ததும். ஷான் மெரிக் என்று பெயர். பெவ் சொன்னபடி எழுதுகிறேன்: நல்ல கோட்டு, மெதுவான பேச்சு. சத்தமே போடவில்லை. நாயின் தோலுக்கடியில் போடும் அடையாளச் சிப்பின் பதிவைக் காட்டினார், அதில் அவர் பெயர்தான். "கூட இருந்தவ சொல்லாமக் கொள்ளாம நாயையும் தூக்கிட்டுப் போயிட்டா. உங்களை நான் குத்தம் சொல்லலை. என் நாயைக் குடுத்துடுங்க. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

பெவ் சாமர்த்தியசாலி. நாய் இங்கே இல்லை, அறங்காவலர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

"கத்தியிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, கண்ணு" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

அவசரக் கூட்டம். கொடுத்துவிடுவோம் என்கிறார் நார்மன்! படத்தைப் போட்டவரே!

"சிப் அவர் பேர்ல இருக்கு. வழக்குன்னு வந்தா காப்பகத்தையே மூட வேண்டியதுதான். அறுபது மிருகம் எங்கே போகும்? நாம மிருகங்களுக்காக இருக்கோம் கிளெனிஸ், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு இல்லை."

"சண்டையா? உங்க வாயால சண்டைன்னா சொல்றீங்க?"

மற்ற இருவரும் மேசையைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் மட்டும் - வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் வழக்கமாகத் தூங்குகிறவர் - கையைத் தூக்கினார். சிப்பில் இருக்கும் பெயர் வளர்க்கிறவர் யார் என்றுதான் சொல்லும், சொந்தக்காரர் யார் என்று சொல்லாது. மருத்துவச் செலவு செய்தது யார், வாங்கியது யார் என்று அந்தப் பெண்ணின் பக்கமும் கேட்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை ஓட்டு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. நான் யாருக்காக இப்படிக் கத்தினேன்? அவளை நான் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருவேளை அந்த மனுஷர் சொல்வதுதான் நிஜமோ? ரொட்டியின் ஓரத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாள், அதற்காக அவள் பக்கம் சாய்ந்துவிட்டேனா?

மார்ச் 15, சனி

படத்தில் தெரிந்த கோபுரத்தையும் என் பெயரையும் வைத்து என் வீட்டுக்கே வந்துவிட்டான். முதலிலிருந்து எழுதுகிறேன்.

மணி அடித்தது. சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தேன். "கிளெனிஸ்தானே? மன்னிக்கணும், சனிக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்றேன்." கையில் நாயைக் கட்டும் பழைய தோல்வார். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான், பொய்யில்லை. "ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேன்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே பார்த்து, "டியூக்!" என்றான்.

அந்தப் பெயரை நான் கேட்பது முதல் தடவை. சமையலறையிலிருந்து தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தான் பட்டன். பயந்து மேசைக்கடியில் ஒளிவான் என்று நினைத்தேன். இல்லை. கீச்சென்று ஒரு சத்தம், உடம்பு முழுக்க ஆடுகிறது, கதவிடுக்கில் மூக்கை நுழைத்து அவன் விரல்களை நக்குகிறான். என்னிடம் இரண்டு மாதமாக ஒரு நாளும் அப்படிக் குதித்ததில்லை.

அதைப் பார்த்ததும் என் நெஞ்சு விட்டுப்போயிற்று. இவன் நாய்தான் இது. நாம் யார் நடுவில்? நிஜமாகவே என் கை சங்கிலிக்குப் போய்விட்டது.

அப்போது அவன் கேட்டான், "அவ எப்போ வருவா?"

"யாரு?"

"ஞாயித்துக்கிழமையா? பஸ்ஸுல வர்றாளா, யாராவது கொண்டுவந்து விடறாங்களா?" என் தோளுக்கு மேலாக, கூடத்தில் மாட்டியிருக்கும் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் நக்கிய விரலைக் கால்சட்டையில் துடைத்தான். வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குனிந்து நாயைப் பார்க்கவில்லை. "நாயை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கதவைச் சாத்தினேன். இரண்டு பூட்டையும் போட்டேன். போலீஸுக்கும் ஜோசலினுக்கும் சொன்னேன்.

பட்டன் சாயங்காலம்வரை கதவைப் பிராண்டிக்கொண்டு அழுதான். அதற்கென்ன தெரியும், பாவம். உனக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நாயின் மருத்துவச் செலவெல்லாம் அந்தப் பெண்ணின் பெயரில் என்றார் டெஸ்மண்ட். ஆனாலும் கோர்ட்டில் எப்படிப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

நார்மன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. "கோட்டுகளையா பாத்தான்?" என்று கேட்டார்.

"ஆமா. அவ கோட்டு தொங்குதான்னு."

"வழக்குப் போட்டா தலைவர் பேர்தான் முதல்ல வரும். போடட்டும்" என்றார். "குடுக்கறதில்லை. ஓட்டு வேணுமா?"

எல்லாக் கையும் உயர்ந்தது. அதை அவனிடம் சொல்லும் வேலையைப் பெவ் தலையில் கட்டாமல், பதில் கேட்டு அவன் காப்பகத்துக்கு வந்தபோது தானே போய் வாசலில் நின்று சொன்னார். திரும்பி வந்தவர் டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

என் காருக்குப் பின்னால் வெள்ளி நிறக் கார். இருபத்தைந்து வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான், பின்புறக் கண்ணாடியைப் பார்ப்பது எனக்குக் கண் இமைப்பது மாதிரி. ரவுண்டானாவை இரண்டு தரம் சும்மா சுற்றினேன். அவனும் சுற்றினான்.

நேராகப் போலீஸ் நிலைய வளாகத்துக்குள் விட்டேன். கார் நிற்காமல் போயிற்று. எண்ணைக் கொடுத்தேன், எழுதிக்கொண்டார்கள்.

"பட்டனை அங்கேருந்து எடுத்துடணும்" என்றாள் ஜோசலின். "அவங்களுக்கு வேற ஊர்ல வீடு கிடைச்சிருக்கு. நாயோட இருக்கலாம்."

"எந்த ஊர்?" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

மார்ச் 22, சனி

கடைத்தெருக் கார் நிறுத்தத்தில் ஒப்படைத்தேன். அவள் இல்லை, யாரோ ஒரு ஓட்டுநர் அம்மாள். பட்டன் தயங்காமல் தாவி ஏறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திருட்டுப்பயல்.

காரில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கடைக்குப் போய் ஒரு வேலையுமில்லாமல் உருளைக்கிழங்கு வாங்கி வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத யாருமில்லை.

மே 19, திங்கள்

ஜோசலின் சொன்னாள்: அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை. கிட்டே வரக் கூடாதென்று அவனுக்குத் தடையுத்தரவு. அவளும் நாயும் ஒரே கூரைக்குக் கீழே. அதற்குமேல் சொல்ல மாட்டாள், நானும் கேட்கவில்லை. அப்பாடா.

செப்டம்பர் 8, திங்கள்

பெவ் விடுமுறையில் போயிருக்கிறாள். காப்பகத்தில் தொலைபேசி என் பொறுப்பு. காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். இரண்டு மாவட்டம் தள்ளி நாய்க் காப்பகமாம், புதுக் குரல், உற்சாகமான குரல்.

"ஒருத்தர் நாய் கேட்டு வந்திருக்கார். பழைய நாயை உங்ககிட்டதான் விட்டாராம். அதான் உங்களைக் கேட்டுக்கலாம்னு. ஷான் மெரிக்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"வீடெல்லாம் பாத்துட்டோம். வேலி நல்ல உயரம். ரொம்ப மரியாதையானவர். கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுக்குப் பரிசாக் குடுக்கணுமாம்."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

யோசித்தாள். "அவங்க... ஒண்ணும் சொல்லலையே. எல்லாத்துக்கும் அவரே பதில் சொல்லிட்டார்."

நான் எழுந்து அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "இதோ பாரும்மா. ஏன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நாயைக் குடுக்காதீங்க. ஆனா இல்லைன்னு இன்னைக்கே சொல்லிடாதீங்க. இன்னொரு தரம் வீட்டைப் பாக்கணும்னு போங்க. ரெண்டு பேராப் போங்க. ஒருத்தர் அவனைப் பேச்சுல பிடிச்சு வைங்க. நீங்க அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வேலியைக் காட்டச் சொல்லி."

"போயி?"

"ஒரு நம்பர் தர்றேன். அவ கையில குடுங்க." ஜோசலினுடைய எண்ணைச் சொன்னேன்.

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

"நாய் இருந்தாலும் இல்லாட்டியும் கூப்பிடலாம்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு அந்த உற்சாகமெல்லாம் போன குரலில், "நம்பரை இன்னொரு தரம் சொல்லுங்க, மெதுவா" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன்.