பாசிக்குள் ஓடிய மின்சாரம்

வெள்ளிக்கிழமை, இரவு.

தான் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி மூடியதிலிருந்து அப்பா என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் பார்க்கிறார். இன்று என் டி.சி.யை வாங்க ஊட்டிக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

அவர் என்னைத் தேடி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். ஏரிப் பாசியின் நீளமான ஒரு செல்லுக்குள் கண்ணாடி ஊசியை இறக்கியிருந்தேன். இத்தனை நாளும் செல் உடைந்துகொண்டே இருந்தது. இன்று தாங்கியது.

"கொஞ்சம் நில்லுங்கப்பா" என்றுவிட்டு, பாசி கிடந்த நீரில் பொட்டாசியம் உப்புக் கரைசலை விட்டேன். ஊசியோடு இணைத்திருந்த மீட்டரின் முள் நகர்ந்தது.

"என்ன புள்ள, கரண்டா?"

"ஆமாப்பா. உப்புல இருக்கிற அயனி, செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வைத் தாண்டி உள்ள போகுது. அதுதான் முள்ளை நகத்துது."

நல்ல நீர் விட்டுக் கழுவியதும் முள் பழைய இடத்துக்கே திரும்பியது. செல் சாகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மேடம் அப்பாவிடமே சொன்னார்: "இந்தக் காலேஜ்ல இதைச் செஞ்ச மொத ஆளு உங்க பொண்ணுதானுங்க."

அப்பா டி.சி. கேட்டு ஆபீஸ் பக்கம் போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம் புள்ள பாசிக்குள்ள கரண்டு கண்டுபுடிச்சிருக்கு" என்றார். கண்டுபிடித்தது நானில்லை. ஆனாலும் திருத்த மனம் வரவில்லை.

"படிப்பு எப்பங்க முடியும்?" என்று அவர் கேட்டார்.

"புள்ள முடிக்கிறப்ப முடியட்டும்" என்றார் அப்பா.